குடற்புழுவும் தன்னுடல் தாக்குநோயும்: நம்பத்தக்கது எது, நம்பத்தகாதது எது?

கடந்த சில ஆண்டுகளாக எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு புதிய கேள்வி அடிக்கடி எழுகிறது. முடக்குவாதத்திற்கும், லூபஸ் நோய்க்கும், குரோன் நோய்க்கும் சிகிச்சை பெறுவோர் கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றைக் காட்டி, “வயிற்றில் புழு இருந்தால் இந்நோய் வராதாமே, உண்மையா?” என்று வினவுகின்றனர். முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தையின் தாய், “பள்ளியில் கொடுத்த பூச்சி மாத்திரையால்தான் இப்படி ஆயிற்றோ?” என்று கலங்குகிறார். இன்னும் சிலர், வெளிநாட்டில் புழு முட்டைகளை மருந்தாக விற்கிறார்களாம், அதை வரவழைத்து உட்கொண்டால் தற்போதைய மாத்திரைகளை நிறுத்திவிடலாமா என்று கேட்கின்றனர்.

இக்கேள்விகளை நாங்கள் எள்ளி நகையாடுவதில்லை. இவற்றின் பின்னே மெய்யான அறிவியல் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த அறிவியலில் பாதியை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுப்பது உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். ஆகவே முழுவதையும் எடுத்துரைத்து, எங்கள் கருத்தையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது கடமையென்று கருதுகிறோம்.

கேள்வி பிறந்த இடம்

நம் உடலின் நோய் எதிர்ப்பாற்றல், வெளியிலிருந்து வரும் கிருமிகளை இனங்கண்டு தாக்கும் காவற்படையைப் போன்றது. சிலருக்கு இக்காவற்படை தன் வீட்டாரையே பகைவராக எண்ணித் தாக்கத் தொடங்குகிறது. மூட்டுகளைத் தாக்கினால் முடக்குவாதம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கினால் முதல் வகை நீரிழிவு. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளின் உறையைத் தாக்கினால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். குடலைத் தாக்கினால் குரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் தோன்றுகின்றன. இவை அனைத்தையும் தன்னுடல் தாக்குநோய்கள் என்ற ஒரே குடும்பப் பெயரால் அழைக்கிறோம்.

இந்நோய்கள் உலகெங்கும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. 1968-ஆம் ஆண்டில், நைஜீரியாவின் இபாடான் நகரில் பணியாற்றிய பிரையன் கிரீன்வுட் என்னும் ஆங்கில மருத்துவர், அங்கே முடக்குவாதம் போன்ற நோய்கள் மிக அரிதாகவே காணப்படுவதைக் குறித்து எழுதினார். மலேரியா உள்ளிட்ட ஒட்டுண்ணித் தொற்றுகள் அம்மக்களிடையே இடையறாது நிலவுவது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவரது ஊகம். 1989-இல் டேவிட் ஸ்ட்ராசன் என்பவர், பிரிட்டனில் 1958-ஆம் ஆண்டு பிறந்த பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து, உடன்பிறந்தோர் அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு ஒவ்வாமைச் சளி குறைவாக இருப்பதைக் கண்டார். சிறு வயதில் தொற்றுகளோடு பழகிய உடல் பிற்காலத்தில் நிதானமாக நடந்துகொள்கிறது என்ற கருத்து இவ்வாறு உருப்பெற்றது. ஒவ்வாமையைக் குறித்துப் பிறந்த அக்கருத்து, பின்னர் தன்னுடல் தாக்குநோய்களுக்கும் விரிக்கப்பட்டது.

புழு என்ன செய்கிறது?

ஒரு கொக்கிப்புழு மனிதக் குடலில் ஆண்டுக்கணக்கில் வாழவல்லது. உருவில் கிருமிகளைவிடப் பன்மடங்கு பெரிதான ஓர் உயிர், எதிர்ப்பாற்றலின் கண்ணில் படாமல் இருக்க முடியாது. எனவே அது வேறு வழியை நாடுகிறது. ஓம்புபவரின் எதிர்ப்பாற்றலை அடங்கி நடக்கச் செய்யும் புரதங்களையும் சர்க்கரைச் சேர்மங்களையும் தன் உடலிலிருந்து வெளியிடுகிறது. அதன் விளைவாக, நம் உடலில் ‘ஒழுங்காக்கும் டி செல்கள்’ எனப்படும் வெள்ளணுக்கள் பெருகுகின்றன. இன்டர்லூக்கின்-10 போன்ற, அழற்சியைத் தணிக்கும் சேர்மங்கள் மிகுதியாகச் சுரக்கின்றன.

இந்த ஒழுங்காக்கும் செல்களின் முக்கியத்துவத்தை உலகிற்கு உணர்த்திய மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. காவற்படைக்குள்ளேயே ஒரு கட்டுப்பாட்டுப் பிரிவு உண்டு என்பதையும், அது குன்றினால் படை சொந்த வீட்டைச் சூறையாடும் என்பதையும் அவர்கள் நிறுவினர். அக்கட்டுப்பாட்டுப் பிரிவைத் தனக்குச் சாதகமாகத் தூண்டிவிடும் கலையைப் புழுக்கள் நெடுங்காலமாகவே அறிந்திருக்கின்றன. தான் பிழைப்பதற்காகவே புழு இதைச் செய்கிறது. நமக்கு நன்மை விளைந்தால் அது தற்செயலான பக்கவிளைவேயன்றிப் புழுவின் நோக்கம் அன்று. இதை மறந்தால்தான் புழுவை மருத்துவராக எண்ணத் தோன்றும்.

மனிதரிடம் கண்டவை

2007-ஆம் ஆண்டு அர்ஜென்டினா நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுள் இயல்பாகவே குடற்புழுத் தொற்று ஏற்பட்டிருந்த 12 பேரையும், தொற்று இல்லாத 12 பேரையும் அவர்கள் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் கவனித்து வந்தனர். புழு இருந்தவர்களுக்கு நோய் மீண்டும் தாக்கியது மிகக் குறைவாக இருந்தது. அவர்களுள் நால்வருக்கு வயிற்றுத் தொல்லை காரணமாகப் பின்னர் புழு நீக்க மருந்து தர நேர்ந்தது. அதன்பின் அவர்களுடைய நரம்பு நோய் மறுபடியும் தலைதூக்கியதாக 2011-இல் அதே குழுவினர் எழுதினர்.

நம் நாட்டிலிருந்தும் சான்றுகள் உண்டு. சென்னையில் நீரிழிவு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகை நீரிழிவு கொண்டவர்களிடம் யானைக்கால் புழுத் தொற்றின் அறிகுறி காணப்படவில்லை. நீரிழிவு இல்லாதவர்களுள் சிலரிடம் அது இருந்தது. யானைக்கால் நோய் பரவலாக உள்ள ஒடிசாவில், இருநூறுக்கும் மேற்பட்ட முடக்குவாத நோயாளிகளைச் சோதித்ததில் எவரிடமும் அப்புழுவின் அடையாளம் காணப்படவில்லை என்று 2013-இல் மற்றொரு குழு தெரிவித்தது.

இவை வியப்பூட்டும் செய்திகளே. ஆயினும் இரண்டு ஒன்றாக நிகழ்வதனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. புழுத்தொற்று உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் இடையே உணவு, வாழிடம், வருமானம், பிற தொற்றுகள், உட்கொண்ட மருந்துகள் எனப் பல வேறுபாடுகள் இருக்கும். மருத்துவமனைக்கு அடிக்கடி வருபவர் வேறு ஏதேனும் காரணத்தால் முன்னரே புழு மருந்து உட்கொண்டிருக்கவும் கூடும். அர்ஜென்டினா ஆய்வில் புழு இருந்தவர்கள் 12 பேரே. மருந்து பெற்றவர்கள் நால்வரே. இத்தகைய ஆய்வுகள் ஒரு நல்ல கேள்வியை எழுப்பவல்லவை. விடை காண வேண்டுமெனில், புழுவைக் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்த்தபோது

அதையும் செய்து பார்த்தார்கள். கைப்பேசிச் செய்திகள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இப்பகுதியைத்தான்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜோயல் வைன்ஸ்டாக் என்பவரின் குழுவினர் பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டைகளைத் தேர்ந்தெடுத்தனர். அப்புழு மனிதக் குடலில் நீடித்து வாழாது என்பதால் ஆபத்து குறைவு என்பது அவர்கள் கணிப்பு. 2005-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் குரோன் நோயாளிகள் 29 பேர் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை 2,500 முட்டைகளைப் பருகினர். 24 வாரங்களின் முடிவில் 21 பேருக்கு நோய் தணிந்திருந்தது. கேட்பதற்கு எவ்வளவு நம்பிக்கையளிக்கும் செய்தி! ஆனால் அவ்வாய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. தாம் அருந்துவது இன்னது என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். அதே ஆண்டில் பெருங்குடல் புண் அழற்சி கொண்ட 54 பேரிடம், ஒப்பீட்டுக் குழுவோடு அவர்கள் ஆய்வு நடத்தினர். முட்டை பெற்ற 30 பேருள் 13 பேருக்கும், வெறும் திரவம் பெற்ற 24 பேருள் 4 பேருக்கும் நோய் குறைந்தது.

இதன்பின் பெரிய அளவிலான ஆய்வுகள் தொடங்கின. அமெரிக்காவில் ஏறத்தாழ 250 குரோன் நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013-இல் அறிவிக்கப்பட்டது. முட்டை பெற்றவர்களுக்கும் போலி மருந்து பெற்றவர்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஐரோப்பாவில் ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலானோரிடம் நடந்த ஆய்வும் பயனில்லை என்ற முடிவுக்கே வந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 71 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 25 கொக்கிப்புழு இளம்புழுக்களைத் தோல் வழியே செலுத்தி, ஒன்பது மாதங்கள் கவனித்தனர். ஒழுங்காக்கும் டி செல்கள் சற்றே கூடின. எனினும் மூளை ஸ்கேனில் புதிய பாதிப்புகளின் எண்ணிக்கை தெளிவாகக் குறையவில்லை. 2020-இல் வெளியான அவ்வாய்வு தனக்கென வகுத்துக்கொண்ட இலக்கை எட்டவில்லை.

முதலில் பலித்ததாகத் தோன்றியது பின்னர் பலிக்காமல் போனது ஏன்? தன்னுடல் தாக்குநோய்கள் கடலலை போன்றவை. தாமாகவே ஏறும், தாமாகவே இறங்கும். நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய மருந்தைத் தேடுகிறோம். அது இறங்கும்போது கையில் எது இருந்ததோ அதற்கே புகழ் போய்ச் சேர்கிறது. குணமாகும் என்ற எதிர்பார்ப்பே வலியையும் சோர்வையும் ஓரளவு குறைக்கும். இவ்விரண்டையும் கழித்துப் பார்ப்பதற்காகவே ஒப்பீட்டுக் குழு தேவைப்படுகிறது. “என் உறவினருக்குப் பலித்தது” என்று ஒருவர் சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை. ஆனால் எதனால் பலித்தது என்பதை அவரால் அறிய முடியாது.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

பூச்சி மாத்திரை கொடுத்ததால்தான் என் பிள்ளைக்கு இந்நோய் வந்தது என்று எந்தத் தாயும் தந்தையும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. புழு நீக்கத்தால் ஒரு குழந்தைக்குத் தன்னுடல் தாக்குநோய் உண்டாகிறது என்று காட்டும் உறுதியான சான்று இல்லை. ஒவ்வாமை நோய்களைக் குறித்து இக்கேள்வி நேரடியாகவே சோதிக்கப்பட்டுள்ளது. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் புழு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். உகாண்டாவில் விக்டோரியா ஏரித் தீவுகளிலும் ஊர்முழுவதற்கும் தீவிரமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரு இடங்களிலும் ஒவ்வாமை நோய்கள் பெருகவில்லை. தன்னுடல் தாக்குநோய் தோன்றுவதற்கு மரபணு, தொற்றுகள், புகைப்பழக்கம், நாளமில்லாச் சுரப்புகள் எனப் பல காரணங்கள் ஒன்றுகூட வேண்டும். ஓர் அல்பெண்டசோல் மாத்திரை அத்தனை பழியையும் சுமக்காது.

மறுபுறம், புழு வாங்கும் விலையை நாம் மறந்துவிடலாகாது. நம் பகுதிகளில் மிகுதியாகக் காணப்படும் கொக்கிப்புழு ஒன்று, நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தை உறிஞ்சுகிறது. கணக்கு சிறிதாகத் தோன்றும். நூறு புழுக்கள் இருந்தால் நாளுக்கு 3 மில்லிலிட்டர். மாதத்திற்கு 90 மில்லிலிட்டர். மாதவிடாயாலும் மகப்பேற்றாலும் ஏற்கெனவே இரும்புச்சத்து குன்றிய ஒரு பெண்ணுக்கு இது மூச்சிரைப்பையும், தலைச்சுற்றலையும், எடை குறைந்த குழந்தையையும் தரப் போதுமானது. உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேருக்கு மண்வழிப் பரவும் புழுத்தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. வேலூர்ப் பகுதியிலும் ஜவ்வாது மலையிலும் அண்மையில் நடைபெற்ற பெரும் புழு நீக்க ஆய்வுக்கு முன்னர் மக்களைச் சோதித்தபோது, அங்கு மேலோங்கி நின்றது கொக்கிப்புழுவே. வெறுங்காலுடன் வயலில் இறங்குவோரும், கழிப்பறை வசதியற்றோரும்தான் இதற்கு முதல் இரை. புழுவைப் ‘பழைய நண்பன்’ என்று புகழ்வோர், அந்நண்பனுக்கு நாள்தோறும் சோறு போடுபவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே 2015-இல் தொடங்கப்பட்டு, இப்போது நாடெங்கும் நடைபெற்றுவரும் தேசியக் குடற்புழு நீக்க நாளில், ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தரப்படும் மாத்திரையைத் தயங்காமல் கொடுங்கள். தன்னுடல் தாக்குநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளையாயின், மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுக் கொடுங்கள், கேட்பதற்காகத் தவிர்த்துவிடாதீர்கள்.

உண்மையான ஆபத்து இருக்குமிடம்

புழு நோயைத் தடுக்குமா என்ற விவாதம் ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, எங்கள் நோயாளிகளைப் பொறுத்தவரை புழுவுக்கும் தன்னுடல் தாக்குநோய்க்கும் இடையே ஐயத்திற்கிடமில்லாத தொடர்பு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எவரும் கைப்பேசியில் செய்தி அனுப்புவதில்லை.

ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்றொரு நூல் போன்ற சிறு புழு உண்டு. ஈரமண்ணில் வாழும் அதன் இளம்புழு பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகுந்து, நுரையீரல் வழியே ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. மண்வழிப் பரவும் ஏனைய குடற்புழுக்களின் முட்டைகள் வெளியேறி மண்ணில்தான் வளரும். இப்புழுவின் குஞ்சுகளோ உடலுக்குள்ளேயே முதிர்ந்து, குடற்சுவரையோ மலவாய்ப் பகுதித் தோலையோ துளைத்து மறுபடியும் உட்புகவல்லவை. எனவே ஒருமுறை புகுந்தால், சிகிச்சையின்றி வாழ்நாள் முழுதும் தங்கிவிடக்கூடும். இரண்டாம் உலகப் போரின்போது சயாம்–பர்மா ரயில்பாதையில் கொடுமைக்கு உள்ளான பிரிட்டிஷ் போர்க்கைதிகள் பலரிடம், நாடு திரும்பிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் இப்புழு உயிருடன் இருப்பது கண்டறியப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் அதே சேற்றில்தான் வெறுங்காலுடன் உழைத்தார்கள்.

எதிர்ப்பாற்றல் இயல்பாக உள்ளவரை இப்புழு அடங்கிக் கிடக்கும். சற்று அரிப்பு, சற்று வயிற்றுவலி, அல்லது எதுவுமே இராது. முடக்குவாதத்திற்கோ லூபஸ் நோய்க்கோ நாங்கள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கும்போது காவல் தளர்கிறது. புழுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி நுரையீரல், கல்லீரல், மூளை என எங்கும் பரவக்கூடும். போகும் வழியில் குடலின் பாக்டீரியாக்களையும் சுமந்து செல்வதால் இரத்தத்தில் நச்சேற்றமும் மூளையுறை அழற்சியும் உண்டாகலாம். உரிய காலத்தில் கண்டறியாவிடில் பெரும்பாலானோர் பிழைப்பதில்லை. நுரையீரலில் பரவும்போது தோன்றும் இளைப்பு ஆஸ்துமாவைப் போலவே இருக்கும். அதற்கென ஸ்டீராய்டைக் கூட்டினால் தீ மேலும் பரவும்.

இவ்வளவு கொடிய இந்நிலை, பெரும்பாலும் முன்கூட்டியே தடுக்கக்கூடியது. யாருக்கு இப்புழு இருக்கக்கூடும் என்று கேட்டறிவது, மலத்தில் இளம்புழு உள்ளதா என்று ஒருமுறைக்கு மேல் சோதிப்பது, இரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்களை எண்ணிப் பார்ப்பது, வசதியுள்ள இடத்தில் எதிர்ப்பொருள் சோதனை செய்வது ஆகியவையே வழிகள். சிகிச்சைக்கு ஐவர்மெக்டின் என்ற மாத்திரை உண்டு. பள்ளியில் தரும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை இப்புழுவுக்குப் போதாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எங்கள் உறுதியான கருத்து இதுவே: நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதியில், நீண்டகாலம் ஸ்டீராய்டு பெறப்போகும் ஒவ்வொருவரிடமும், எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் உயர்விலை ஊசிகளைத் தொடங்கவிருக்கும் ஒவ்வொருவரிடமும், காசநோயைப் பற்றிக் கேட்பது போலவே இப்புழுவைப் பற்றியும் கேட்டாக வேண்டும். அவசரச் சிகிச்சைக்குக் காத்திருக்க முடியாத நிலையில், தொற்றுக்கு வாய்ப்பு மிகுந்தவர்களுக்குச் சோதனை முடிவை எதிர்பாராமலேயே ஐவர்மெக்டின் கொடுப்பதும் தகும். செலவு மிகுதியாகும், எல்லோருக்கும் தேவையா என்று வினவும் மருத்துவ நண்பர்கள் உண்டு. எல்லோருக்கும் சோதனை தேவையில்லை என்பதை ஏற்கிறோம். எல்லோரிடமும் கேள்வி தேவை. கேள்விக்குச் செலவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

உங்கள் மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். வயல் வேலை, தோட்ட வேலை, செங்கல் சூளை வேலை, கழிவுநீர்ப் பணி ஆகியவற்றில் ஈடுபட்டதுண்டா? வெறுங்காலுடன் மண்ணில் நடக்கும் வழக்கம் உண்டா? இப்போது நகரத்தில் வாழ்ந்தாலும் இளமையில் எவ்வூரில் வளர்ந்தீர்கள்? இப்புழு பல ஆண்டுகள் காத்திருக்கவல்லது என்பதால், முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வயல்வேலையும் இன்றைய சிகிச்சைக்குப் பொருந்தும் செய்தியே.

ஸ்டீராய்டு உட்கொள்ளும் காலத்தில் விடாத வயிற்றுவலி, வாந்தி, புதிதாகத் தோன்றிய இருமல் அல்லது இளைப்பு, வயிற்றிலோ பிட்டத்திலோ கோடுபோல் நெளிந்து வேகமாக நகரும் அரிப்புத் தடிப்பு, காய்ச்சல், கடும் தலைவலி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம், உடனே வாருங்கள்.

அதே வேளையில், அச்சத்தால் ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களே திடீரென நிறுத்திவிடாதீர்கள். சில வாரங்களுக்கு மேல் உட்கொண்டவரின் உடல், தனக்குரிய ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து மயக்கமும் உயிராபத்தும் நேரலாம். மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின் முதலிய மருந்துகளையும் செய்தி ஒன்றை நம்பி நிறுத்த வேண்டாம். மூட்டு ஒருமுறை சிதைந்துவிட்டால், பின்னர் மருந்தைத் தொடர்ந்தாலும் பழைய வடிவம் திரும்புவதில்லை.

புழுவையோ புழு முட்டையையோ விலைக்கு வாங்கி உட்கொள்ள எண்ணுவோருக்கு எங்கள் விடை: வேண்டாம். பெட்டியில் இருப்பது எந்தப் புழு, எத்தனை, அதனுடன் வேறு எக்கிருமி சேர்ந்து வருகிறது என்பதற்கு எவரும் உறுதிதர இயலாது. நீங்கள் ஏற்கெனவே எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து உட்கொள்பவர். பெரிய ஆய்வுகளில் பயனளிக்காத ஒன்றுக்காக அவ்வளவு பெரிய ஆபத்தை ஏற்பது நியாயமாகாது.

நம்பிக்கைக்கு இடம் உண்டு

அப்படியானால் இத்தனை ஆண்டுகால ஆய்வு வீணா? அன்று. புழுவை விழுங்காமலேயே அதன் கலையை மட்டும் கற்றுக்கொள்ள முடியுமா என்பதே இன்றைய முயற்சி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஹார்னெட், யானைக்கால் புழுவின் இனத்தைச் சேர்ந்ததும் கொறிவிலங்குகளில் வாழ்வதுமான ஒரு புழு சுரக்கும் ‘இ.எஸ்.-62’ என்ற பொருளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். எலிகளில் செயற்கையாக உண்டாக்கிய மூட்டழற்சியை அது தணித்தது. அதைப் போன்றே செயற்படும் சிறிய வேதிப்பொருள்களையும் அவரது குழுவினர் உருவாக்கியுள்ளனர். ரிக் மைசெல்ஸ் என்பவரின் குழு, எலிக் குடற்புழு ஒன்று நம் உடலின் அழற்சி தணிக்கும் புரதத்தைப் போலவே நடிக்கும் ஒரு புரதத்தைச் சுரப்பதை 2017-இல் வெளிப்படுத்தியது. இவை மாத்திரையாக மருந்துக்கடைக்கு வந்துவிடவில்லை. எலியில் பலித்தவை பல மனிதரிடம் பலிக்காமல் போனதையும் மேலே கண்டோம். ஆயினும் அளவும் தூய்மையும் அறிந்த மருந்தாக அவை வரும் நாளில், அதை முதலில் வரவேற்போர் நாங்களாகவே இருப்போம்.

நெடுநாள் நோயுடன் வாழ்வோருக்கு மாத்திரைகள் மீது ஏற்படும் சலிப்பையும், ஊசியின் விலை கேட்டு மனம் ஒடுங்குவதையும், எளிய வழி ஒன்று கிடைக்காதா என்ற ஏக்கத்தையும் நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அச்சலிப்பைக் குறை கூற எங்களுக்கு உரிமை இல்லை. எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்று மட்டுமே வேண்டுகிறோம். மருந்தை நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். வேறொன்றை உட்கொண்டிருந்தாலும் சொல்லுங்கள். விலை குறைந்த மாற்று மருந்து, அளவைக் குறைக்கும் வழி, அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கும் உதவி என அமர்ந்து பேசுவதற்குப் பல செய்திகள் உள்ளன. அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டுகளோடு, இளமையில் நீங்கள் வளர்ந்த ஊரின் பெயரையும் செய்த வேலையையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்.